உச்சிக்குப் பிறகு அருவி: வழிகாட்டியுடன் செல்லும் காலை மலைநடை பற்றிச் சில ஐயங்கள்

முதற்படி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 51. நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் சமதரையில் நடப்பதைத் தவிர வேறு உடற்பயிற்சி எதுவும் செய்வதில்லை. அடுத்த மாதம் என் மனைவி, 14 வயது மகள் ஆகியோருடன், வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்லும் அரைநாள் மலைநடைக்குப் பதிவு செய்திருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, 600 மீட்டர் உயரம் ஏறி உச்சியை அடைந்து, அங்கிருந்து வேறொரு பாதையில் இறங்கி, வழியில் ஓர் அருவியைப் பார்த்துவிட்டு, நண்பகலுக்குள் அடிவாரம் திரும்புவதாகத் திட்டம். மொத்தத் தொலைவு 9 கிலோமீட்டர்.

எனக்கு மூன்று ஐயங்கள். முதலாவது, சமதரையில் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடக்கும் எனக்கு இந்த 9 கிலோமீட்டருக்கு ஆறரை மணி நேரம் ஒதுக்கியிருப்பது மிகையாகத் தோன்றுகிறது. உண்மையிலேயே அவ்வளவு ஆகுமா? இரண்டாவது, மகளுக்கு ஆசையெல்லாம் அருவியின் மேல்தான். உச்சிக்கு ஏறும்போதே நாங்கள் களைத்துப்போனால் அருவியைப் பார்க்காமலே திரும்ப நேரிடும் என்பதால், அருவிக்கு முதலில் அழைத்துச் செல்லும்படி வழிகாட்டியிடம் கேட்கலாமா? மூன்றாவது, சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மலையேற்ற ஷூ ஒன்று, இரண்டே முறை அணிந்தது, அலமாரியில் புத்தம் புதிதாக இருக்கிறது. அது போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கூழாங்கல் எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். மற்றவற்றுக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய வாய்பாடு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்தது. அதை இன்றைய அளவுகளில் சொன்னால், 5 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்குத் தொலைவால் ஒரு மணி 48 நிமிடமும் உயரத்தால் ஒரு மணி நேரமும் சேர்ந்து 2 மணி 48 நிமிடம் ஆகிறது. ஆனால் இது பழக்கப்பட்ட, உடல்திறன் மிக்க ஒருவர் எங்கும் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. இறங்குவதற்கு அதில் இடமே இல்லை. பின்னாளில் எரிக் லாங்முயர் அந்தக் குறையைத் திருத்தி, செங்குத்தான சரிவில் இறங்கும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்டச் சொன்னார். இறக்கம் முழுவதும் செங்குத்து என்றே வைத்துக்கொண்டால் உங்களுக்கு இன்னும் 20 நிமிடம். மூன்று மணியைத் தாண்டிவிட்டோம். புதியவர்கள் உள்ள குழுவுக்கு நான் இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய நான்கே முக்கால் மணி. உச்சியில் அரைமணி, அருவியில் முக்கால் மணி, இடையே தண்ணீர் குடிக்கவும் ஷூவுக்குள் புகுந்த மணலைக் கொட்டவும் நிற்கும் நிமிடங்கள் எல்லாம் சேர்ந்தால், ஆறரை மணி நேரம் என்பது மிகையே அல்ல என்பது விளங்கும். சொல்லப்போனால், நேரத்தை இப்படி ஒதுக்கியிருக்கும் வழிகாட்டி தன் தொழிலை அறிந்தவர் என்றே கருதுகிறேன்.

பின்வரிசை எழுதியது:

குழுவின் கடைசியில் நடந்து வருவதுதான் பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. முன்னால் செல்லும் வழிகாட்டி பாதையைப் பார்ப்பார். கடைசியில் வருபவர் மனிதர்களைப் பார்ப்பார். அந்த இடத்திலிருந்து கண்டதை வைத்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு எழுதுகிறேன்.

வரிசையை மாற்றும்படி கேட்காதீர்கள். உச்சி முதலில் வருவதற்குக் காரணம் வானிலை. வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலெழும்பி, நண்பகலை ஒட்டி மேகம் திரளத் தொடங்குகிறது. இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவது இதனால்தான். திறந்த உச்சியில் அந்த நேரத்தில் நிற்கக் கூடாது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே இறங்கத் தொடங்க வேண்டும். அருவியை முன்னால் வைப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. நனைந்த காலுறையோடு 600 மீட்டர் ஏறினால் குதிகாலில் கொப்புளம் வருவது ஏறக்குறைய உறுதி.

இருந்தாலும், இந்த வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். களைத்துப்போவோமோ என்று ஏற்றத்தை எண்ணி நீங்கள் அஞ்சுகிறீர்கள். நான் கண்டவரை, ஏற்றத்தில் மனிதர்களுக்கு மூச்சு வாங்கும், முகம் சிவக்கும், நிற்பார்கள், மீண்டும் நடப்பார்கள், விழுவது அரிது. விழுவது இறக்கத்தில்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சமதரையில் எத்தனை நாள் நடந்தாலும் இந்த வேலைக்கு அந்தத் தசை பழகியிருக்காது. இறக்கத்தில் ஒரு மணி நேரம் சென்றதும், நிற்கும்போது கால் தானாக நடுங்குவதைப் பார்ப்பீர்கள். அந்த நடுங்கும் காலோடுதான், நாள் முழுவதிலும் மிக வழுக்கலான பாறைகள் உள்ள இடத்தில், அதாவது அருவியில், போய் நிற்கப்போகிறீர்கள். உச்சியைப் பார்த்தாயிற்று, வேலை முடிந்தது என்று மனமும் அப்போது தளர்ந்திருக்கும். எங்கள் குழுக்களில் நான் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்களில் பெரும்பாலோர் வழுக்கியது அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

ஆகவே இந்த ஒரு மாதத்தில் ஏறிப் பழகுவதைவிட இறங்கிப் பழகுங்கள். மாடிப்படி இருந்தால் போதும். வாரத்துக்கு மூன்று நாள், முதலில் பத்து நிமிடம், பிறகு படிப்படியாக அரைமணி வரை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றாமல், ஒவ்வொரு படியிலும் காலை ஓசையின்றி வையுங்கள். பாதம் 'தொப்'பென்று விழுந்தால் தசை தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். முதல் முறைக்குப் பின் இரண்டாம் நாள் தொடை வலிக்கும். அதே அளவு வலி அடுத்த முறை வராது. இந்தப் பழக்கம் உடம்பில் சில வாரங்கள் தங்கும்.

மலையில் வழிகாட்டி முதல் அரைமணி நேரம் எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக நடப்பார். அவரை முந்தாதீர்கள். மூச்சு இரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். மகளிடமும் இதைச் சொல்லுங்கள். அந்த வயதில் ஏற்றத்தில் ஓடுவார்கள், இறக்கத்திலும் ஓடுவார்கள், எனக்கு இரண்டாவதுதான் கவலை.

ஓரடி எழுதியது:

அலமாரியில் இருக்கும் ஷூ பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது. ஏழெட்டு ஆண்டுகள் பெட்டிக்குள் இருந்து, பார்ப்பதற்குக் கடையில் வாங்கிய அன்று போலவே இருந்ததை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். இறக்கம் தொடங்கிய சிறிது நேரத்தில் இடது கால் அடியில் ஏதோ பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தால், அடித்தோல் முன்பக்கம் பிரிந்து நாய் நாக்கைத் தொங்கவிட்டது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த மெத்தென்ற அடுக்கு ஈரமான ரொட்டித்தூள் போல விரலோடு உதிர்ந்து வந்தது. அரைமணியில் வலது ஷூவும் அப்படியே ஆயிற்று. வழிகாட்டி தன் பையிலிருந்த ஒட்டுநாடாவைப் பாதத்தைச் சுற்றிச் சுற்றி வரிந்து கட்டி என்னைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். அந்த நாடாவின் மேல் நடப்பது சோப்பின் மேல் நடப்பது போல இருந்தது என்பதால், அருவிப் பக்கம் நான் போகவே இல்லை. ஓசையை மட்டும் கேட்டேன்.

காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த நடு அடுக்கு பல ஷூக்களில் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். அடிக்கடி அணிந்து நடந்தால் சிதைவு மட்டுப்படும் என்கிறார்கள். பெட்டிக்குள் பூட்டி வைத்தாலோ, பயன்படுத்தாமலே பழுதாகிவிடும். எனவே உங்கள் ஷூவின் அடிப்பகுதிக்கு மேலே உள்ள பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ, நொறுங்குவது போன்ற உணர்வோ இருந்தால் மறுபேச்சின்றி ஒதுக்கிவிடுங்கள். நன்றாக இருந்தாலும், மலைக்குப் போகும் முன் அதை அணிந்தே ஐந்தாறு முறை மாலை நடைக்குச் செல்லுங்கள்.

புதியது வாங்குவதென்றால் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், மலையில் அணியப்போகும் அதே காலுறையுடன் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறக்கத்தில் பாதம் முன்னோக்கிச் சரியும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும். இரண்டு நாள் முன்பே கால் நகத்தை வெட்டிவிடுங்கள். உச்சியில் இறங்கத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலுக்கு அருகே உள்ள கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்வதையும் மறக்க வேண்டாம்.

கூழாங்கல் எழுதியது:

நடைக்கோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். இறக்கத்தில் முழங்காலுக்கு வரும் சுமையில் ஒரு பங்கைக் கைகள் ஏற்றுக்கொள்ளும். ஏறும்போது இருந்ததைவிட இறங்கும்போது கோலைச் சற்று நீட்டிக்கொள்ள வேண்டும்.

பின்வரிசை எழுதியது:

பாதையில் சரி. ஆனால் கைகளால் பாறையைப் பற்றி இறங்க வேண்டிய இடங்களில் கோல் இடைஞ்சல்தான். பாறை இடுக்கில் நுனி சிக்கிக்கொண்டதைப் பிடுங்கப்போய்ச் சாய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தகைய இடங்களில் மடக்கிப் பையில் செருகிவிடுங்கள். கோலின் கைவாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். விழும்போது கை ஊன்ற முடியாமல் போகும்.

முதற்படி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஷூவை அழுத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாக இருக்கின்றன, ஆகவே அது குப்பைக்குப் போகிறது. மாடிப்படியில் நேற்று இறங்கிப் பார்த்தபோது என் பாதம் ஒவ்வொரு படியிலும் 'தொப்' என்றுதான் விழுந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி. மகள் அருவியில் குளிக்க வேண்டும் என்கிறாள். அவளுக்கு நன்றாக நீந்தத் தெரியும். அனுமதிக்கலாமா?

பின்வரிசை எழுதியது:

அந்த இடத்தை அறிந்தவர் உங்கள் வழிகாட்டி. அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அவர் ஒப்புக்கொண்டாலும், நீர் விழும் இடத்துக்கு நேர் கீழே போக விடாதீர்கள். மேலிருந்து தண்ணீரோடு கல்லும் மரக்கிளையும் வரும். வெண்ணுரை பொங்கும் நீரில் காற்றுக் குமிழ்கள் கலந்திருப்பதால் அதன் அடர்த்தி குறைந்து, நீச்சல் தெரிந்தவர்கூட வழக்கம்போல் மிதக்க முடியாது. விழும் நீர் கீழே சுழன்று ஆளை உள்ளே இழுக்கவும் செய்யும். நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கைதான் அங்கே பலரைச் சிக்க வைக்கிறது. நுரை அடங்கி, நீர் தெளிந்து, தரை தெரிகிற விளிம்பில் இடுப்பளவுக்கு மேல் போகாமல் நனையட்டும். குதிக்கக் கூடாது. வேர்த்த உடம்போடு குளிர்ந்த நீரில் திடீரென இறங்கினால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சுத் திணறும். முதலில் கையையும் முகத்தையும் நனைத்துவிட்டு மெல்ல இறங்கச் சொல்லுங்கள்.

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே எங்கேனும் மழை பெய்திருக்கக்கூடும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, அருவியின் ஓசை கனத்தாலோ, காரணம் ஆராயாமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். பொருள்களை எடுக்கத் திரும்பாதீர்கள்.

அடுத்தது, யாரும் அதிகம் பேசாத ஒன்று. அருவிக்கு அருகே ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. நாள் முழுவதும் வழிகாட்டியின் குரலை நம்பியே நடந்த குழு, மிக ஆபத்தான இடத்துக்கு வந்ததும் செவிடாகிவிடுகிறது. இரண்டடி தள்ளி நின்று நான் கத்தியதைக் கேட்காமல் பாசிப் பாறையில் கால் வைத்தவர்கள் உண்டு. அதனால் அருவியின் ஓசை எட்டும் முன்பே மூவரும் நின்று, 'வா', 'நில்', 'வெளியே வா' என்ற மூன்றுக்கும் கைச்சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு விசிலும் கழுத்தில் இருக்கட்டும். அடிவாரத்தில் கூடும்போதே, கடைசியில் வருபவர் யார் என்று வழிகாட்டியிடம் கேட்டு, அவர் முகத்தை மகளுக்குக் காட்டிவிடுங்கள்.