ஹாஃபிலிருந்து ஃபுல்லுக்கு: லாங் ரன் ஏற்காடு மலையிலா, இரும்பாலை ரோட்டிலா?

அழகாபுரம்_ஓடி | செப்டம்பர் 7, இரவு 9.50

வணக்கம், சேலத்திலிருந்து. வயது 39, எடை 72 கிலோ, நாள் முழுக்க நாற்காலி வேலை. மூன்று ஹாஃப் மாரத்தான் முடித்திருக்கிறேன். கடைசியாக ஓடியது 2 மணி 12 நிமிடம். வாரத்துக்கு நாலு நாள், மொத்தம் 35 கி.மீ. வாக்கில் ஓடுகிறேன். ஜனவரியில் சென்னையில் முதல் ஃபுல் மாரத்தானுக்கு, அதாவது 42 கி.மீ.க்கு, பணம் கட்டியாகிவிட்டது. கையில் 17 வாரம் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஓடும் லாங் ரன்னை, அதாவது நீண்ட ஓட்டத்தை, எங்கே ஓடுவது என்பதுதான் கேள்வி.

எங்கள் குழுவில் இரண்டு சீனியர்கள். ஒருவர், "ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறு, 42 தானாக வரும்" என்கிறார். இன்னொருவர், "மலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே, சமதளமான இரும்பாலை ரோட்டில் ஓடு, சென்னை ரோடு பலகை மாதிரி இருக்கும்" என்கிறார். போன வாரம் காந்தி ஸ்டேடியத்தில் என்னை நடுவில் நிற்கவைத்து அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அன்றைக்கு ஓடவே இல்லை. இரண்டு பேருமே இங்கே உறுப்பினர்கள்தான், எழுத்திலேயே தீர்த்துக்கொள்ளட்டும்.

இருபதாம்_வளைவு | செப்டம்பர் 7, இரவு 10.20

மலைதான். அடிவாரத்திலிருந்து மேலே ஏரி வரை 20 கி.மீ. வாக்கில் தூரம், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், 20 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் கால் தரையில் மோதும் வேகம் குறைவு, அதனால் முட்டிக்கு அடி குறைவு. ஆனால் பிட்டம், தொடை, கெண்டைக்கால் மூன்றும் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்யும். மேலே போகப் போக வெயிலும் குறையும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் இருக்கிறது.

இது நானாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் ஆட்களை மேடும் பள்ளமுமான 22 மைல் சுற்றில் வாராவாரம் ஓடவிட்டார். அதில் ஓடிய பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், அதுவும் 800 மீட்டரில். 800 மீட்டர்காரருக்கே மலை உதவியிருக்கிறது, 42 கி.மீ.காரருக்கு உதவாதா?

இரும்பாலை_ரோடு | செப்டம்பர் 8, காலை 5.10

லிடியார்டின் ஆட்கள் வாரம் 100 மைல் ஓடியவர்கள். நம்ம தம்பி வாரம் 35 கி.மீ. யானைக்குப் போடும் கவளத்தை ஆட்டுக்குட்டி வாயில் திணிக்கிறீர்கள்.

தம்பி, உன் ஹாஃப் நேரத்துக்கு ஃபுல் 4.35 (4 மணி 35 நிமிடம்) என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம். மலை ஏறும்போது உன் வேகம் ஒன்பது நிமிடம் இருக்கும், பாதி வளைவுகளில் நடைதான். மூன்று மணி நேரம் அப்படிப் போனால் கால் பழகுவது அந்த நடைக்குத்தான். சென்னையில் ஒரே மாதிரி அடி, ஒரே தசை, நாற்பதாயிரம் தடவைக்கு மேல். அதற்குப் பழக்கம் சமதளத்தில்தான் வரும்.

அப்புறம் இறக்கம். மலையிறங்கி வந்த பஸ் அடிவாரத்தில் நிற்கும்போது பிரேக் கருகிய வாடை வருமே, அதுதான் தொடைக்கும் நடக்கிறது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். தசை நார் அதிகம் கிழிவது இந்த வேலையில்தான். ஞாயிறு இறங்கினால் புதன் வரை ஓட முடியாது. நாலு நாளில் இரண்டு நாள் போச்சு.

குளிர்ச்சி என்று வேறு சொல்கிறார். சென்னையில் ஜனவரியிலும் விடிகாலையே பிசுபிசுப்புதான். அதற்குப் பழக வேண்டியவனை மேகத்துக்குள் அனுப்புகிறார். உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். பழகியதை விட்டுவிட்டால் சில வாரத்தில் கரைந்துவிடும்.

இருபதாம்_வளைவு | செப்டம்பர் 8, காலை 7.45

இறங்கி ஓடச் சொன்னது யார்? ஏறு, டீ குடி, பஸ்ஸில் இறங்கு. பத்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். தவிர, மேலே போனால் ரத்தத்தில் சிவப்பணுவும் கூடும்.

இரும்பாலை_ரோடு | செப்டம்பர் 8, காலை 8.02

கென்யாவின் இட்டன் 2,400 மீட்டர் உயரம். அங்கேயே பிறந்து, அங்கேயே தூங்கி, அங்கேயே ஓடுகிறார்கள். ஏற்காடு 1,500 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் போய் டீ குடித்துவிட்டு வந்தால் சிவப்பணு கூடாது, சர்க்கரைதான் கூடும்.

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 8, மதியம் 1.15

அந்த 4.35 எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பீட்டர் ரீகல் என்ற பொறியாளரின் சூத்திரம்: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் 2.085 மடங்காகும். 132 நிமிடத்தை அதால் பெருக்கினால் 275 நிமிடம். ஆனால் வாரம் 35 கி.மீ. ஓடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எப்போதும் தாராளமாகத்தான் இருக்கும். 4.50க்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் பத்து கி.மீ.யை ஆறரையில் ஓடினால் கடைசிப் பத்தில் வட்டியோடு கட்டுவீர்கள்.

இன்னொன்று. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று யாராவது வேதம் ஓதுவார்கள். நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓட வந்த ஐந்நூறு பேரை வைத்து அதைச் சோதித்தார்கள், முடிவு 2008இல் வந்தது. பத்து சதவீத விதிப்படி ஓடியவர்கள், வழக்கமான திட்டப்படி ஓடியவர்கள், இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். விதியைப் பார்ப்பதைவிடக் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகால் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

இரும்பாலை_ரோடு | செப்டம்பர் 8, மாலை 6.30

அவர்கள் தயாரானது நாலு மைல் ஓட்டத்துக்கு. 42க்கு அதைக் காட்டாதீர்கள்.

கன்னங்குறிச்சி_அக்கா | செப்டம்பர் 8, இரவு 8.40

மேடா பள்ளமா என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், வயிற்றைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

என் முதல் ஃபுல்லைச் சொல்கிறேன், எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். 30 வரை சிரித்துக்கொண்டே ஓடினேன். 28க்கு மேல் இரண்டு தண்ணீர் மேசைகள் காலி, வெறும் கப் மட்டும் காற்றில் உருண்டுகொண்டிருந்தது. 33இல் ஷூ லேஸ் அவிழ்ந்தது. டிவைடரில் உட்கார்ந்தேன். குனிந்து முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான். விரல் இரண்டும் லேஸைப் பிடிக்கின்றன, எந்த நுனியை எதற்குள் விடுவது என்று தெரியவில்லை. தினமும் செய்கிற காரியம், சுத்தமாக மறந்துவிட்டது. தன்னார்வலராக நின்ற ஒரு காலேஜ் பெண் தரையில் மண்டியிட்டு லேஸைக் கட்டிவிட்டு, என் வாயில் ஒரு ஆரஞ்சுச் சுளையை வைத்தாள். கொட்டையோடு விழுங்கினேன். மூன்று நிமிடம் கழித்துத்தான் அவளுக்கு நன்றி சொல்லவே வார்த்தை வந்தது. மிச்ச ஒன்பது கி.மீ.யும் நடை.

இதைத்தான் ஓட்டக்காரர்கள் 'வால்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது சுவராம். எனக்கென்னவோ தமிழ் வால்தான் பொருத்தம், முன்னால் வந்து மோதவில்லை, பின்னால் இருந்து பிடித்து இழுத்தது.

விஷயம் எளிது. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரி. ஓட்டத்துக்குக் கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. 72 கிலோ தம்பிக்கு 42 கி.மீ.க்கு 3,000. கொழுப்பு கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் மெதுவாகத்தான் எரியும். ஹாஃபில் இந்தப் பள்ளம் தெரியவே தெரியாது, சேமிப்பிலேயே முடித்துவிடலாம். ஹாஃப் ஓடிய தைரியம் ஃபுல்லில் ஏமாற்றுவது இங்கேதான்.

அதனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசிக்கும்வரை காத்திருக்காமல் 40ஆவது நிமிடத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். ஓட்டக்காரர்களுக்கென்று பாக்கெட்டில் வரும் சர்க்கரைப் பசையான ஜெல் ஒத்துக்கொண்டால் ஜெல். இல்லையென்றால் பேரீச்சம்பழம், ஏலக்கி வாழைப்பழம், சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். கடலை மிட்டாய் வேண்டாம், நிலக்கடலையின் எண்ணெய் வயிற்றிலேயே உட்கார்ந்துவிடும். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்காதே, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் அது வேறு ஆபத்து. முந்தின நாளுக்கு நம்ம ஊர் ஜவ்வரிசியே போதும், மரவள்ளி மாவு, கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. எதுவானாலும் லாங் ரன்னில் சாப்பிட்டுப் பழகு. போட்டியன்று புதிதாக ஒன்றும் வேண்டாம்.

சும்மா_பார்க்கிறேன் | செப்டம்பர் 8, இரவு 11.05

ஹாஃபோடு நிறுத்தினால் என்ன? 42 ஓடி யாருக்கு என்ன காட்டப் போகிறீர்கள்?

அழகாபுரம்_ஓடி | செப்டம்பர் 9, காலை 6.15

பணம் கட்டிவிட்டேன் அண்ணா.

அக்கா, அந்த லேஸ் கதையைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் போனது. இப்போது அடுத்த கேள்வி. நீண்ட ஓட்டம் எவ்வளவு தூரம் வரை போக வேண்டும்? 32, 35, 38 என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இருபதாம்_வளைவு | செப்டம்பர் 9, காலை 7.00

குறைந்தது 32, ஒரு தடவையாவது 35. தெரியாத பத்து கி.மீ.யைப் போட்டியன்று முதல்முறை பார்த்தால் மனசு உடையும்.

இரும்பாலை_ரோடு | செப்டம்பர் 9, காலை 7.20

ஜாக் டேனியல்ஸ் என்று ஓர் அமெரிக்கப் பயிற்சியாளர். பாட்டில் இல்லை, மனிதர்தான். அவர் தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்க்கச் சொல்வார், பெரும்பாலோருக்கு இரண்டரை மணி நேரம் போதும் என்பார். முதல் வரிசை ஆட்கள் 32 கி.மீ.யை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள். தம்பி ஈஸி வேகத்தில் 32 ஓடினால் நாலு மணி நேரம் ஆகும். அதிலிருந்து தேறுவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும். இரண்டரை குறைவு என்று பட்டால் மூன்று மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம் வேண்டாம். அதற்குப் பதில் சனிக்கிழமை 12, ஞாயிறு 22 என்று களைத்த காலோடு ஓடு. வாரத் தூரத்தை 35லிருந்து 55க்குக் கொண்டு வா. ஃபுல்லைக் காப்பாற்றுவது அதுதான்.

கன்னங்குறிச்சி_அக்கா | செப்டம்பர் 9, காலை 9.30

இதில் மட்டும் நான் மலைக்காரர் பக்கம். 26க்கு மேல் வயிறு வேறு மாதிரி பேசும், அதை வீட்டுப் பக்கத்தில் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரே ஒரு 30. நடந்து ஓடி, நடந்து ஓடிப் போனாலும் தப்பில்லை. அதற்கப்புறம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த மூன்று வாரத்தில் இல்லாத வலியெல்லாம் வரும், டாக்டரிடம் ஓடாதே.

காபித்தோட்டம் | செப்டம்பர் 9, இரவு 7.50

மேலே குடியிருக்கிறவன் சொல்கிறேன். மலை என்றால் வளைவு ரோடு மட்டும்தானா? லூப் ரோடு இருக்கிறது, எஸ்டேட்டுகளைச் சுற்றி 32 கி.மீ. என்பார்கள். நீங்கள் அடித்துக்கொள்ளும் அதே 32. மேடு பள்ளம் சின்னச் சின்னதாக வரும், இரண்டு பக்கமும் காபிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. பஸ்ஸில் ஏறி வாருங்கள். ஒன்று மட்டும், நன்றாக விடிவதற்கு முன் ஓடாதீர்கள். காட்டெருமை ரோட்டில் நிற்கும், அதற்கு உங்கள் ஓட்ட வேகம் பற்றிக் கவலை இல்லை.

அழகாபுரம்_ஓடி | அக்டோபர் 12, மதியம் 12.40

ஒரு மாதம் கழித்து வருகிறேன், திட்டு வாங்கத் தயாராக.

செப்டம்பர் 21 அன்று மலைக்காரரோடு வளைவு ரோட்டில் ஏறினேன். 2 மணி 58 நிமிடம், ஏரிக்கரையில் டீயும் மிளகாய் பஜ்ஜியும். அதுவரை சொர்க்கம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அவர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார். நான் உற்சாகத்தில், பத்து வளைவு மட்டும் இறங்கி ஓடலாம் என்று கிளம்பினேன். பறந்தேன்.

திங்கட்கிழமை ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் படிக்கட்டில் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். செக்யூரிட்டி அண்ணன் வந்து அக்குளில் கை கொடுத்தார். எட்டு நாள் ஓட்டம் இல்லை.

இன்றைக்கு இரும்பாலை ரோட்டில் 26, 3 மணி 10 நிமிடம், கடைசி ஒரு மணி நேரம் நல்ல வெயில். 40 நிமிடத்துக்கு ஒரு தடவை மூன்று பேரீச்சம்பழம், உப்புச் சர்க்கரைத் தண்ணீர். 22க்கு அப்புறம் சலிப்பாக இருந்தது, ஆனால் லேஸ் கட்டத் தெரிந்தது அக்கா, நின்று கட்டிப் பார்த்தேன்.

இரும்பாலை_ரோடு | அக்டோபர் 12, மதியம் 12.44

எட்டு நாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இருபதாம்_வளைவு | அக்டோபர் 12, மதியம் 1.10

நான் பஸ் என்றேனா இல்லையா? அடுத்த தடவை இறங்கினால் இவ்வளவு வலிக்காது, ஒரு தடவை அடிபட்ட தசை பாடம் படித்துக்கொள்ளும். அதைவிட, இன்றைக்கு 26ஐ முட்டி வலி இல்லாமல் ஓடியிருக்கிறாரே, அந்த பலம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கன்னங்குறிச்சி_அக்கா | அக்டோபர் 12, மதியம் 2.00

பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துக் கொண்டுபோ. ஓடும்போது துப்ப இடம் தேடாதே.

காபித்தோட்டம் | அக்டோபர் 12, மாலை 5.30

அடுத்த ஞாயிறு மழை இல்லையென்றால் லூப் ரோடு. மூன்று மணி நேரம்தான், முழுச் சுற்று இல்லை. யார் யார் வருகிறீர்கள்?

இரும்பாலை_ரோடு | அக்டோபர் 12, மாலை 6.15

நானும் வருகிறேன். தம்பி திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறுகிறாரா என்று பார்க்க ஆள் வேண்டுமே. ஜன்னல் சீட் எனக்கு.