காற்று இழுத்தால் விண்வெளி நிலையத்தின் வேகம் எப்படிக் கூடும்?

மொட்டைமாடி_வானம்:
சர்வதேச விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேலே எப்போது கடக்கும் என்று அடிக்கடி பார்ப்பேன். அதன் உயரத்தைக் காட்டும் கிராஃபில் கோடு மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே வந்து திடீரென்று ஒரே நாளில் மேலே ஏறுகிறது, மறுபடி சரிகிறது. ஏறுவது எஞ்சினை இயக்குவதால் என்று புரிகிறது. சரிவது காற்றால் என்கிறார்கள், ஆனால் 400 கிலோமீட்டருக்கு மேலே காற்று ஏது? அதைவிட என்னைக் குடைவது இன்னொன்று. கீழே இறங்க இறங்க அதன் வேகம் கூடுகிறதாம், பூமியைச் சுற்றும் நேரமும் குறைகிறதாம். காற்று தடுத்தால் வேகம் குறையத்தானே வேண்டும்? எனக்குக் கணக்கு ஓரளவு வரும், தயங்காமல் எழுதுங்கள்.

நீள்வட்டம்:
காற்று இருக்கிறது. தரைமட்டக் காற்றின் அடர்த்தியில் பல்லாயிரம் கோடியில் ஒரு பங்குதான், அதுவும் பெரும்பாலும் ஒற்றை ஆக்சிஜன் அணுக்கள். ஆனால் நிலையம் அதற்குள் நொடிக்கு 7.67 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது, இழுவிசையோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. உத்தேசமாக ஒரு கணக்கு போடலாம். ஒரு கன மீட்டரில் ஒரு கிலோவின் லட்சம் கோடியில் 3 பங்கு காற்று, காற்றை எதிர்கொள்ளும் பரப்பு 1000 சதுர மீட்டர், இழுவைக் கெழு (வடிவத்தைப் பொறுத்துக் காற்று எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண்) 2.2 என்று வைத்தால் விசை 0.2 நியூட்டன் வருகிறது. தரையில் 20 கிராம் பொருளின் எடை அவ்வளவுதான். நிலையத்தின் நிறை 420 டன். அற்பம் என்று தோன்றும், ஆனால் அது ஒரு நொடிகூட ஓய்வதில்லை. மாதம் முழுக்கச் சேர்த்தால் நொடிக்கு 1.2 மீட்டர் அளவுக்கு வேகத்தைத் தின்கிறது, அந்த உயரத்தில் நொடிக்கு 1 மீட்டர் போனால் சுமார் 1.8 கிலோமீட்டர் உயரம் போகும். ஆக மாதம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். உங்கள் கிராஃபிலும் சரிவு இந்த அளவில்தான் இருக்கும், பாருங்கள். புரோகிரஸ் சரக்குக் கலம் இணைந்து நிற்கும்போது பெரும்பாலும் அதன் எஞ்சினை ஓட்டித்தான் மேலே ஏற்றுகிறார்கள்.

சுழல்பாதை:
வேகக் கேள்விக்கு வருகிறேன். காற்று தடுப்பதால் பாதை முழு வட்டமாக நிற்காமல், மிக மிக லேசாகக் கீழே சாய்ந்த சுருளாகிவிடுகிறது. சாய்ந்துவிட்டால் பூமியின் ஈர்ப்பில் ஒரு சிறு கூறு செயற்கைக்கோளை முன்னோக்கி இழுக்கும். வட்டத்தை ஒட்டிய பாதையில் அந்தக் கூறு எவ்வளவு என்று கணக்கிட்டால் காற்றின் இழுவிசையைப் போல இரண்டு மடங்கு வருகிறது! பின்னால் ஒரு பங்கு, முன்னால் இரண்டு பங்கு, கழித்தால் முன்னால் ஒரு பங்கு மிச்சம். அதனால்தான் வேகம் கூடுகிறது. 400 கிலோமீட்டரில் நொடிக்கு 7.67 ஆக இருப்பது 300 கிலோமீட்டரில் 7.73, சுற்றும் நேரம் 92.6 நிமிடத்திலிருந்து 90.5 நிமிடம். ஆற்றலை வைத்துப் பார்த்தாலும் இதேதான்: இறங்கும்போது இழக்கும் நிலையாற்றலில் பாதி இயக்க ஆற்றலாகிறது, மறுபாதி காற்றைச் சூடாக்குவதில் போகிறது. மொத்த ஆற்றல் குறைந்துகொண்டேதான் வருகிறது.

மொட்டைமாடி_வானம்:
இரண்டு மடங்கு என்றதும் தாளில் போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது, மிக்க நன்றி. அப்படியானால் கைவிடப்பட்ட ஒரு செயற்கைக்கோள் எப்போது விழும் என்று முன்பே தேதி குறித்துவிடலாமே?

கதிர்ப்புயல்:
அதுதான் முடியாது. நீள்வட்டம் சார் போட்ட கணக்கில் அடர்த்தி என்று ஓர் எண் இருக்கிறதே, அது சூரியன் கையில் இருக்கிறது. சூரியனின் தீவிரப் புறஊதாக் கதிர் மேல்வளிமண்டலத்தைச் சூடாக்கினால் அது உப்பி மேலெழும், ஒரே 400 கிலோமீட்டர் உயரத்தில் அடர்த்தி பல மடங்கு கூடும். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியோடு இது ஏறி இறங்குகிறது. நாசாவின் பழைய விண்வெளி நிலையமான ஸ்கைலாப் விழுந்ததே இதனால்தான். 1974-இல் கடைசிக் குழு இறங்கியபோது, விண்வெளி ஓடம் தயாரானதும் போய் மேலே தள்ளிவிடலாம் என்று நாசா நினைத்தது. சூரியன் எதிர்பார்த்ததைவிடத் தீவிரமானது, ஓடமோ 1981-இல்தான் பறந்தது. 1979 ஜூலை 11 அன்று ஸ்கைலாப் உடைந்து மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் பக்கம் சிதறியது. எங்கே விழும் என்று தெரியாமல் அப்போது நம் நாட்டிலும் பலர் நடுங்கினார்கள்.

அண்மைய உதாரணம் 2022 பிப்ரவரி. ஸ்பேஸ்எக்ஸ் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைச் சுமார் 210 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. பழுதானவை சீக்கிரம் விழுந்து எரியட்டும் என்றுதான் அப்போது அவ்வளவு தாழ்வாக விட்டார்கள், நல்ல ஏற்பாடு. மறுநாளே ஒரு புவிகாந்தப் புயல், அதாவது சூரியனிலிருந்து பாயும் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கி மேல்வளிமண்டலத்தைச் சூடாக்குவது. பெரிய புயல்கூட இல்லை. முந்தைய ஏவல்களைவிட இழுவை 50 சதவீதம் வரை கூடியது. காற்றில் குறைவாகப் படும்படி தாளின் விளிம்புபோலத் திருப்பிப் பறக்கவிட்டும் 38 மேலே ஏற முடியாமல் விழுந்து எரிந்தன.

நீள்வட்டம்:
உண்மை, நான் சொன்ன 2 கிலோமீட்டரும் சராசரிதான், சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் குறையும். பரப்புக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், லேசாகவும் அகலமாகவும் இருப்பது முதலில் விழும். ஆனால் எல்லாவற்றையும்விட உயரம்தான் பெரிய விஷயம். இஸ்ரோவின் கார்ட்டோசாட்-2 சுமார் 635 கிலோமீட்டரில் சுற்றியது, அப்படியே விட்டால் விழ ஏறக்குறைய 30 ஆண்டு ஆகும் என்பது அவர்கள் மதிப்பீடு. மிச்சமிருந்த எரிபொருளை வைத்து 2020-இல் 380 கிலோமீட்டருக்கு இறக்கிவிட்டார்கள். மீதி வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது, 2024 பிப்ரவரி 14 அன்று இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விழுந்தது. வேலை முடிந்த செயற்கைக்கோளை இப்படி இறக்கிவிடுவதை எல்லா நாடுகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.