சென்னைக்கு வந்திருக்கும் சஞ்சு சாம்சனிடம் எத்தனை ரன்களை எதிர்பார்க்கலாம்?

குளச்சல் ரசிகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, 18 கோடி ரூபாய் சம்பளத்தில் விக்கெட் கீப்பரும் மட்டையாளருமான சஞ்சு சாம்சனை 2026 ஐபிஎல் பருவத்துக்காகச் சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கிய நாளிலிருந்து எங்கள் கடற்கரைப் பக்கம் வேறு பேச்சே இல்லை. கேரளத்தின் விழிஞ்ஞத்துக்காரர் என்பதால் எங்கள் ஊர் இளைஞர்களுக்கு அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. ஆகவே, இங்கே யாரிடம் கேட்டாலும் "இந்த வருடம் 600 ரன்" என்ற பதில்தான் வருகிறது. பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்காகப் பார்க்க விரும்புகிறேன். 2024 ஐபிஎல் பருவத்தில் 531 ரன்கள் எடுத்தவர், 2025-இல் 285 ரன்களோடு நின்றுவிட்டார். இவற்றில் எதை நம்பி 2026-ஐக் கணிப்பது? சேப்பாக்கம் ஆடுகளத்தில் அவருடைய ஆட்டம் எடுபடுமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாகர்கோவில் ஸ்கோரர்:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. 285 ரன்கள் என்பது 9 இன்னிங்ஸில் வந்தவை. விரல் காயத்தோடு அந்தப் பருவத்தைத் தொடங்கினார்; முதல் மூன்று ஆட்டங்களில் கீப்பிங் செய்யாமல் மட்டை மட்டுமே பிடித்தார்; பிறகு டெல்லிக்கு எதிரான ஆட்டத்தில் விலாப்பக்கத் தசை பிடித்துக்கொண்டு பாதியிலேயே வெளியேறினார். எனவே மொத்த ரன்களை ஒப்பிடுவதைவிட, ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை ரன்கள் என்று பார்ப்பதே நியாயம்.

அமெரிக்காவில் பேஸ்பால் அணியொன்று புதிதாக ஒரு கேட்சரை வாங்கினால், அவர் மட்டையால் என்ன தருவார் என்று கணிக்க மிக எளிமையான ஒரு முறை வைத்திருக்கிறார்கள். டாம் டாங்கோ என்பவர் வகுத்த அந்த முறைக்கு மார்செல் என்று பெயர். கடைசி மூன்று பருவங்களை எடுத்துக்கொண்டு, அண்மைப் பருவத்துக்கு 5, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 என்று எடை கொடுப்பார்கள். வந்த விடையைப் பொதுச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுப்பார்கள். வயது 29-ஐத் தாண்டியிருந்தால் இன்னும் சற்றுக் குறைப்பார்கள். கேட்சரும் நம் விக்கெட் கீப்பரும் ஒரே வேலையைச் செய்பவர்கள்தான். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த உடம்போடு மட்டை பிடிக்க வருகிறவர்கள். அதனால் இந்த முறையைச் சஞ்சுவுக்குப் பொருத்திப் பார்த்தேன்.

2023-இல் 14 இன்னிங்ஸில் 362 ரன்கள். 2024-இல் 15 இன்னிங்ஸில் 531. 2025-இல் 9 இன்னிங்ஸில் 285. எடை போட்டுக் கூட்டி வகுத்தால் ஓர் இன்னிங்ஸுக்குச் சுமார் 31.5 ரன்கள் வருகின்றன. 14 இன்னிங்ஸ் கிடைத்தால் 441. ஸ்டிரைக் ரேட்டையும் (100 பந்துகளுக்கு எத்தனை ரன்கள் என்ற கணக்கு) அதே வழியில் கணக்கிட்டால் 149-ஐ ஒட்டி நிற்கிறது. 2026 பருவத்தில் அவருக்கு வயது 31. சராசரியை நோக்கி இழுப்பதையும் சேர்த்தால் 400 முதல் 430 வரை என்பதே என் கணிப்பு. 600 வேண்டுமென்றால் அவர் இதுவரை எந்த ஐபிஎல் பருவத்திலும் ஆடாத அளவுக்கு ஆட வேண்டும்.

தக்கலை ஆசிரியை:

அண்ணாச்சியின் கணக்கில் பிழை காண முடியவில்லை. ஆனால் அந்த ரன்கள் எந்த மண்ணில் எடுக்கப்பட்டவை என்பது அதில் இல்லை. ராஜஸ்தானின் சொந்த ஆட்டங்கள் ஜெய்ப்பூரிலும் குவாஹாட்டியிலும் நடந்தன. சென்னைக்கு வந்தவருக்குப் பாதி ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் அமையும். அங்கே பந்து நின்று வரும். 2024-இன் இரண்டாவது தகுதிச் சுற்றை நினைத்துப் பாருங்கள். அதே சேப்பாக்கத்தில் ஐதராபாத்துக்கு எதிராக 176 ரன்களைத் துரத்தியபோது, அபிஷேக் சர்மாவின் இடதுகைச் சுழலில் சஞ்சு 10 ரன்களுக்கு ஆட்டமிழந்தார். ஷாபாஸ் அகமதும் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர்தான். அவர்கள் இருவரும் சேர்ந்து 5 விக்கெட்டுகளை எடுத்தார்கள். ராஜஸ்தான் 36 ரன்களில் தோற்றது.

என் கவலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆயுஷ் மாத்ரே, ருதுராஜ் கெய்க்வாட், சஞ்சு ஆகிய மூவரும் வலதுகை ஆட்டக்காரர்கள்; இடதுகைச் சுழல் அவர்களை விட்டு விலகித் திரும்பும். மூவரும் மேல் வரிசையில் வந்தால், பவர்பிளேயிலேயே (முதல் 6 ஓவர்களிலேயே) இடதுகைச் சுழலைக் கொண்டுவர எந்த எதிரணித் தலைவர்தான் தயங்குவார்? சொந்த மண் என்பதே நமக்குச் சாதகம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலமும் போய்விட்டது. 2025-இல் சேப்பாக்கத்தில் தொடர்ச்சியாக 5 ஆட்டங்களில் தோற்றோம். ஆகவே 380-ஐத் தாண்டினாலே நான் மகிழ்ச்சியடைவேன்.

களியக்காவிளை வாசகர்:

டீச்சர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தின் காரியவட்டம் மைதானத்துக்குப் போய், கொல்லம் அணிக்கு எதிராகச் சஞ்சு 51 பந்துகளில் 121 ரன்கள் எடுத்ததை நேரில் பார்த்தவன் நான். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்விட்டு இரவே திரும்பிவிடலாம் என்பதால் கேரள லீக் ஆட்டங்களை முடிந்தவரை தவறவிடுவதில்லை. தொலைக்காட்சியில் சரியாகத் தெரியாத ஒன்று அன்று நன்றாகத் தெரிந்தது. அவர் கிரீஸுக்குள் நன்றாகப் பின்வாங்கி நிற்கிறார். பந்து வரும்வரை தலை அசைவதே இல்லை. கால் அதிகம் நகராமல், மணிக்கட்டும் தோளும் மட்டுமே ஓடி, பந்து நேராக எல்லைக்கோட்டுக்கு மேலே போகிறது. இப்படிப் பின்வாங்கி நிற்பவருக்கு மெதுவான பந்தைக் காத்திருந்து அடிக்க நேரம் கிடைக்கும். அதனால் சுழல் அவருக்கு எமன் என்று நான் நினைக்கவில்லை.

அவரை உண்மையில் வீழ்த்துவது நெஞ்சுயர வேகப்பந்துதான். 2025 ஜனவரியில் தொடங்கிய இந்தியா–இங்கிலாந்து தொடரின் 5 டி20 ஆட்டங்களில் மொத்தம் 51 ரன்கள்தான் எடுத்தார்; முதல் மூன்று ஆட்டங்களிலும் வேகப்பந்து வீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சரிடமே விக்கெட்டைக் கொடுத்தார். அதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்புதான் ஐதராபாத்தில் 111, டர்பனில் 107, ஜோகன்னஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 109 என்று அடித்திருந்தார். டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் நடுவே இரண்டு பூஜ்ஜியங்கள்! இந்த மனிதரின் ரன்கள் எப்போதும் இப்படிக் கொத்தாகத்தான் வரும். சேப்பாக்கத்தில் பந்து நெஞ்சுக்கு எழுவது அரிது என்பதால், அந்த மண் அவருக்குச் சில நாள்களில் உதவவும் கூடும்.

குளச்சல் ரசிகர்:

மூவருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். தோனியும் தக்கவைக்கப்பட்டிருக்கிறார் அல்லவா? கீப்பிங் கையுறை யாருக்கு என்பதும், சஞ்சு எந்த இடத்தில் இறங்குவார் என்பதும் இந்தக் கணிப்பை மாற்றாதா?

நாகர்கோவில் ஸ்கோரர்:

கையுறையைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் இருக்காது என்றே நினைக்கிறேன். தோனி கீப்பிங் செய்யும் நாள்களில் சஞ்சுவின் விரல்களுக்கு ஓய்வு கிடைக்கும். 2025 பருவத்தின் விரல் காயத்தை நினைத்தால் அது நல்லதுதான்.

இறங்கும் இடம் அப்படியல்ல; என் கணிப்பு முழுவதும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2025 ஆசியக் கோப்பையில் சுப்மன் கில்லைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, சஞ்சுவை நடுவரிசைக்குத் தள்ளினார்கள். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக அணிக்குத் தேவையான நேரத்தில் 24 ரன்கள் எடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 21 பந்துகள் தேவைப்பட்டன. தொடக்கத்தில் இறங்கி, பவர்பிளேயில் வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டுமே நிற்கும்போது அடிக்கிற சஞ்சுவும், பத்தாவது ஓவரில் வந்து இடைவெளி தேடுகிற சஞ்சுவும் வேறுவேறு ஆட்டக்காரர்கள்.

டீச்சரின் இடதுகைச் சுழல் வாதத்துக்காக என் கணிப்பிலிருந்து 20 ரன்களைக் குறைத்துக்கொள்கிறேன். தொடக்க ஆட்டக்காரராக 14 இன்னிங்ஸும் கிடைத்தால் 380 முதல் 410, ஸ்டிரைக் ரேட் 145. நான்காம் இடத்துக்கு இறக்கினால் 300-ஐத் தாண்டுவதே கடினம். ஏப்ரலில் முதல் நான்கு ஆட்டங்கள் முடிந்ததும், அவர் சந்தித்த முதல் 15 பந்துகளை மட்டும் தனியாக எடுத்து எழுதி இங்கே பதிவிடுகிறேன்.