கர்ப்ப காலத்தில் முகத்துக்கு எதைப் பூசலாம்? புறக்கோட்டையில் வாங்கிய கிரீம் பற்றி ஒரு சந்தேகம்

மரைன்டிரைவ் எழுதியது:

வணக்கம். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம், முதல் பிள்ளை. வீடு வெள்ளவத்தையில், வேலை கோட்டையில். 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் வருகிறேன். சில வாரங்களாக இரண்டு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு விழுந்திருக்கிறது. வலது கன்னத்தில் கொஞ்சம் அடர்த்தி. போதாததற்குத் தாடையைச் சுற்றிப் பருக்கள் வேறு.

பருவுக்கு முன்பு தோல் வைத்தியர் எழுதித் தந்த அடாபலீன் ஜெல் பூசி வந்தேன். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே நிறுத்திவிட்டேன். ஆனாலும் அதற்கு முந்திய வாரங்களில் பூசியது பிள்ளையைப் பாதித்திருக்குமோ என்ற நினைப்பு இரவில் தூங்க விடுவதில்லை.

இன்னொன்று. என் மச்சாள் புறக்கோட்டையில் ஒரு கிரீம் வாங்கி வந்து தந்திருக்கிறார். சின்ன டப்பா. என்னென்ன சேர்த்தார்கள் என்று எங்கும் அச்சிடவில்லை. உள்ளே மடித்து வைத்திருந்த தாளில், தங்க நகையிலும் வெள்ளி நகையிலும் படாமல் இரவில் பூசவும் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மச்சாளுக்கு இரண்டு வாரத்துக்குள் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. மாமியும் "பூசு பிள்ளை, மேலுக்குப் பூசுவதுதானே, வயிற்றுக்குள்ளா போகப்போகிறது" என்கிறார். நான் மூடியைத் திறந்து மணந்து பார்த்ததோடு சரி. கிளினிக்கில் கேட்கலாம் என்றால், எடை, பிரஷர், சீனி என்று வரிசை ஓடும் இடத்தில் முகக் கிரீமைப் பற்றிப் பேச வெட்கமாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை மருந்தாளர் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த டப்பாவை மூடி ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி வையுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

முகக் கிரீமுக்கும் தாலிக்கொடிக்கும் என்ன பகை? பாதரசம் தங்கத்தில் பட்டால் அதோடு கலந்து நகையை வெளிறச் செய்துவிடும். அந்தத் தாளை அச்சிட்டவன் உங்கள் நகைக்காகக் கவலைப்பட்டிருக்கிறான், உங்களுக்காக அல்ல. நகையில் படக்கூடாது என்ற எச்சரிக்கை இருந்தால் பாதரசத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சில டப்பாக்களில் கலோமெல், மெர்குரஸ் குளோரைட், மெர்க்குரியோ என்று வேறு பெயர்களில் எழுதியிருப்பார்கள். உங்களுடையதில் அதுவும் இல்லை.

முகம் பளிச்சென்று ஆவது பொய்யல்ல. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுத்துவிடுகிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்கும் போகும். வளரும் மூளைக்கும் நரம்புகளுக்கும் பாதரசத்தைப் போல் கேடு செய்பவை குறைவு. மாமியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்: மேலுக்குப் பூசுவதும் உள்ளே போகும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. முன்பு அதில் அழகுசாதனங்களுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற எல்லை இருந்தது. 2023இல் அந்த எல்லையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனமே 2025க்குப் பிறகு கூடாது என்று முடிவு செய்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் டப்பா சந்தைக்கு வருகிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

இப்படிப்பட்ட டப்பாக்களில் பாதரசம் இல்லாவிட்டால் வீரியமான ஸ்டீரொயிட் இருக்கும், அல்லது ஹைட்ரோகுயினோன் இருக்கும். ஹைட்ரோகுயினோன் பூசினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போகிறது. ஆகவே கர்ப்பத்தில் அதுவும் வேண்டாம்.

அடாபலீன் விஷயத்தில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அது தோல் வழியாக இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. தெரியாமல் சில வாரம் பூசிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு அதனால் குறைபாடு கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. நிறுத்தியது சரி, வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குப் பெருங்கேடு செய்வது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினொயின் மாத்திரை. அதை விழுங்குகிறவர்கள் நிறுத்தி ஒரு மாதமாவது கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும். அந்தப் பயத்தைத்தான் இணையத்தில் எல்லா ஜெல்லுக்கும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள்.

பருவுக்கும் மங்குக்கும் சேர்த்து ஒன்று வேண்டுமென்றால் அசலேயிக் அமிலம். கர்ப்பத்தில் வைத்தியர்கள் தயக்கமின்றி எழுதுவது அது. முதல் சில நாள் கொஞ்சம் எரியும், கடிக்கும், பயப்பட வேண்டாம். பென்சோயில் பெரொக்சைட் 2.5 சதவீதம் பருக்களின் மேல் மட்டும் பூசலாம். அது தலையணை உறையைத் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும், ஆகவே வெள்ளை உறை போடுங்கள். 2 சதவீத சலிசிலிக் அமிலம் உள்ள முகக்கழுவியால் ஒன்றுமில்லை. சலூனில் தோலை உரியச் செய்யும் பீல் மட்டும் வேண்டாம். நியாசினமைட், விற்றமின் சி இரண்டும் நல்லவை. பருவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்ளின் குளிகை வீட்டில் மீதமிருந்தால் தொடாதீர்கள். அது பிள்ளையின் பல்லின் நிறத்தைக் கெடுக்கும்.

கிளினிக்கில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிட்வைஃபிடம் டப்பாவையே காட்டுங்கள்.

பம்பலப்பிட்டி அம்மா எழுதியது:

பிள்ளை, நான் மருந்துக்காரி அல்ல, மூன்று பெற்றவள். 100இல் எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள்? வலதுபக்க ஜன்னலோரம் என்றால் வலது கன்னம் ஏன் கறுக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலையில் கோட்டைக்குப் போகும்போது கிழக்கு வெயில் வலப்பக்கம். மாலையில் திரும்பி வரும்போது மேற்கு வெயிலும் வலப்பக்கம்தான். மாலையில் கடல் பார்க்கிற ஆசையை விட்டுவிட்டு, இரு வேளையும் இடப்பக்கம் உட்காருங்கள். கண்ணாடி மூடியிருந்தாலும் வெயிலின் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும் என்று என் மகளின் வைத்தியர் சொன்னார்.

அவர் எழுதித் தந்தது சிங்க் ஒக்சைட் உள்ள சன்ஸ்கிரீன். சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. அதற்கு இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறத்தில் வருவதை மாற்றிக்கொடுத்தார். மங்குக்கு அதுதான் இன்னும் நல்லதாம். கூடவே குடை. மழைக்காரில் வெயில் இல்லை என்று விட்டுவிட வேண்டாம், கொழும்பில் மேகத்துக்குள்ளாலும் சுடும்.

பயற்றமாவும் தேங்காய் எண்ணெயும் எங்கள் காலத்தில் எல்லாருக்கும் போதுமாக இருந்தன. குங்குமப்பூப் பாலால் பிள்ளை வெள்ளையாகப் பிறக்கும் என்று யாராவது வந்தால் பாலை மட்டும் வாங்கிக் குடியுங்கள். என்னுடைய மூன்றும் மூன்று நிறம்.

கொட்டாஞ்சேனை மருந்தாளர் எழுதியது:

பஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அம்மா. தேங்காய் எண்ணெய் வரட்சிக்கும் அரிப்புக்கும் நல்லதுதான். வயிற்றில் வரி விழாமல் தடுக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். அதைத் தடுப்பதாக நிரூபித்த எண்ணெயும் இல்லை, விலை கூடிய கிரீமும் இல்லை. முகத்தில் பரு உள்ளவர்களுக்கு எண்ணெய் துளைகளை அடைத்துவிடும், முகத்துக்கு வேண்டாம். மங்கு பெரும்பாலும் பிள்ளை பிறந்து சில மாதங்களில் தானாக மங்கும்.

மரைன்டிரைவ் எழுதியது:

நன்றி அக்கா, நன்றி அம்மா. ஆம், வலதுபக்க ஜன்னல்தான். ஒரு கேள்வி: மச்சாளுக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது, பால் கொடுக்கிறார். எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். குளியலறையில் துவாய் பொது.

கொட்டாஞ்சேனை மருந்தாளர் எழுதியது:

அப்படியானால் அவருடைய விஷயம்தான் அவசரம். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பாதரசம் துவாயிலும் தலையணையிலும் ஒட்டும். குழந்தை நாள் முழுக்கத் தாயின் கன்னத்தைத் தடவி விரலை வாயில் வைக்கும். துவாயையும் தலையணை உறையையும் தனியாகத் துவைக்கட்டும். தாயையும் குழந்தையையும் வைத்தியரிடம் அனுப்புங்கள். சிறுநீரில் பாதரசம் பார்க்கலாம். டப்பாவையும் கையோடு கொண்டு போகட்டும். சிறுநீரகம் கெட்டால் வரும் கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நிறுத்தியதும் முகம் முன்னையைவிடக் கறுக்கலாம். அந்த வாரத்தில்தான் மறுபடியும் டப்பாவைத் தேடுவார்கள்.

தெகிவளை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஏழாம் மாதம் முடிகிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரிக்கின்றன. தடிப்பு ஒன்றும் இல்லை. எந்த லோஷன் நல்லது?

கொட்டாஞ்சேனை மருந்தாளர் எழுதியது:

லோஷன் வாங்க வேண்டாம். தடிப்பில்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால், அதுவும் இரவில் கூடினால், ஈரலில் பித்தம் தேங்குவதாக இருக்கலாம். பித்த அமிலமும் ஈரல் தொழிற்பாடும் இரத்தத்தில் பார்க்க வேண்டும். அளவு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே மகப்பேற்று விடுதிக்குப் போங்கள். வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் இப்போதே கிளம்புங்கள்.