லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் லேப்டாப் வழியாக நெட் வரவில்லை, உதவி தேவை

கேள்வி (கடலூர் முதுநகர்)

வணக்கம். முதுநகரில் வீட்டு மாடியில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பேர் துறைமுகத்தை ஒட்டியுள்ள மீனவர் வீட்டுப் பிள்ளைகள். போனைத் தவிர வேறு கருவி அவர்கள் வீட்டில் இல்லை. அவர்களுக்காக ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கினேன். விண்டோஸ் 11 அதில் ஏறாது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டே கொடுத்தார்கள். வேகமாகவும் இருக்கிறது.

நெட்தான் இல்லை. டெஸ்க்டாப்பில் வைஃபை கிடையாது. என் விண்டோஸ் 11 லேப்டாப் போனின் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது. அங்கிருந்து டெஸ்க்டாப்புக்கு நேரே ஒரு லேன் கேபிள் போட்டிருக்கிறேன். லேப்டாப்பில் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் ஷேரிங்கில் டிக் செய்தாயிற்று. மின்டும் ‘கனெக்டட்’ என்றுதான் காட்டுகிறது. ஆனால் ஃபயர்பாக்ஸில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. தெரிந்த பையன் ஒருவன் லினக்ஸைத் தூக்கிவிடலாம் என்கிறான். எனக்கு மனமில்லை. பிள்ளைகள் பழைய வினாத்தாள்களை இறக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. என்ன பார்க்கலாம்?

பதில் (திருப்பாதிரிப்புலியூர்)

லேப்டாப்பில் ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவலை) அணைத்துவிட்டுப் பாருங்கள் மேடம். எங்கள் கடையில் அப்படித்தான் சரியாயிற்று. கேபிள் நுனியையும் பாருங்கள். முதுநகர்ப் பக்கம் உப்புக்காற்றில் ஜாக்கின் செம்பு பச்சை பூத்துவிடும்.

பதில் (புதுச்சேரி, லாசுப்பேட்டை)

மேடம், லினக்ஸைத் தூக்க வேண்டாம். ஃபயர்வாலையும் அணைக்க வேண்டாம். பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் அது பாதுகாப்பு இல்லை. விண்டோஸ் அந்த லேன் இணைப்பை ‘பப்ளிக்’ (பொது இடத்து இணைப்பு) என்று எடுத்துக்கொண்டால் பிங்குக்கு, அதாவது ‘இருக்கிறாயா’ என்று இன்னொரு கணினி கேட்கும் சோதனைக்கு, பதில் சொல்லாது. அதைப் பார்த்துப் பலரும் ஃபயர்வால்தான் வழியை மறிக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லேப்டாப் பிங்குக்குப் பதில் தராமலேயே நெட்டை மட்டும் ஒழுங்காகக் கடத்தும். ஆகவே லேப்டாப்பை பிங் செய்து பார்ப்பது இங்கே நம்பகமான சோதனை இல்லை.

கேபிள் பற்றி மேலே சொன்னது சரிதான். ஆனால் மின்ட் ‘கனெக்டட்’ என்கிறது என்றால் கம்பி உயிரோடுதான் இருக்கிறது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நேரே போட க்ராஸ் கேபிள் (உள்கம்பிகளை மாற்றிப் பின்னிய கேபிள்) தேவை என்பதெல்லாம் அந்தக் காலத்து வேகம் குறைந்த 10/100 லேன் கார்டுகளோடு போயிற்று. இப்போதைய கிகாபிட் கார்டு எந்தக் கேபிளையும் தானே சரி பார்த்துக்கொள்ளும்.

இப்போது எனக்குத் தேவை ஒரே ஒரு தகவல். மின்டில் டெர்மினலை (கட்டளை அடிக்கும் சாளரத்தை) திறந்து ‘ஐபி’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ‘ஏ’ என்று அடித்து என்டர் தட்டுங்கள் (ஆங்கில எழுத்துகளில், சின்ன எழுத்தில்). லேன் கார்டுக்கு நேரே என்ன முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) வருகிறது? அந்த எண்ணை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். 192.168.137 என்று தொடங்கினால் லேப்டாப் கொடுத்த முகவரி அது. விண்டோஸ் 7 தொடங்கி ஷேரிங் செய்யும் கணினி தனக்கு 192.168.137.1 என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு அதே வரிசையில் பிரித்துக் கொடுக்கும். வேறு எண் வந்தால் அப்படியே இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்

பார்த்தேன் சார். 10.42.0.1/24 என்று வருகிறது. வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரியை பிங் செய்தால் ‘நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்’ என்கிறது.

பதில் (லாசுப்பேட்டை)

அப்படியானால் விஷயம் தெளிவு. 10.42.0.1 உங்கள் லேப்டாப் கொடுத்ததே இல்லை. லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர், தன்னிடம் உள்ள நெட்டைப் பிறருக்குப் பகிரும்படி அமைத்திருந்தால், தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் முகவரி அது. இந்த டெஸ்க்டாப் முன்பு எங்கேயோ மற்றக் கணினிகளுக்கு நெட் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அமைப்போடேயே உங்கள் கைக்கு வந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் பரிமாறக் கரண்டியோடு நிற்கிறார்கள், இலை போட்டு உட்கார ஆள் இல்லை. கம்பி இருப்பதால் ‘கனெக்டட்’ என்கிறது. வெளியே போகும் வழி தெரியாததால் ‘அன்ரீச்சபிள்’ என்கிறது. இரண்டுமே உண்மைதான்.

மூலையில் உள்ள நெட்வொர்க் படத்தைச் சொடுக்கி ‘நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்’ போங்கள். வயர்டு இணைப்பைத் திறந்தால் ‘ஐபிவி4 செட்டிங்ஸ்’ இருக்கும். அங்கே ‘மெத்தட்’ என்பதில் ‘ஷேர்டு டு அதர் கம்ப்யூட்டர்ஸ்’ என்று இருக்க வேண்டும். அதை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றி சேவ் செய்யுங்கள். பிறகு இணைப்பைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். சேவ் மட்டும் செய்தால் பழைய அமைப்பே ஓடிக்கொண்டிருக்கும்.

லேப்டாப் பக்கமும் ஒன்றைச் சரிபாருங்கள். ஷேரிங் டிக் வைஃபையில், அதாவது நெட் வரும் பக்கத்தில், இருக்க வேண்டும். கீழே ‘ஹோம் நெட்வொர்க்கிங்’ என்று கேட்கும் இடத்தில் ஈதர்நெட் இருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில் (அரியாங்குப்பம்)

ஒரு குறுக்கு வழி. போனை யூஎஸ்பி கேபிளில் நேரே டெஸ்க்டாப்பில் சொருகி, போனில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை (போனின் நெட்டைக் கேபிள் வழியே கணினிக்குக் கொடுக்கும் வசதி) போடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் மின்ட் தனியாக டிரைவர் கேட்காது, அதையும் ஒரு லேன் போல எடுத்துக்கொள்ளும். அதில் நெட் வந்தால் லினக்ஸில் கோளாறு இல்லை என்பது உறுதி. அந்தப் பையனுக்கும் காட்டலாம்.

கேட்டவர்

மெத்தட் மாற்றினேன். நீங்கள் சொன்ன அதே வரிதான் இருந்தது. இப்போது 192.168.137-இல் தொடங்கும் முகவரி வந்துவிட்டது. 8.8.8.8 பதில் சொல்கிறது. மிக்க நன்றி சார்.

ஆனால் ஃபயர்பாக்ஸ் இன்னும் சண்டித்தனம் செய்கிறது. எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது. அப்டேட் மேனேஜரும் ஏதோ ‘நாட் வேலிட் யெட்’ என்று நிற்கிறது. டெதரிங்கிலும் இதே கதை.

பதில் (லாசுப்பேட்டை)

டெதரிங்கிலும் அதேதான் என்று எழுதினீர்களே, அது நல்ல தடயம். லேப்டாப்பை விட்டுவிடலாம், கோளாறு டெஸ்க்டாப்பில். மூலையில் தேதி என்ன காட்டுகிறது? ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கேட்டவர்

2022 என்கிறது! மணி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் (லாசுப்பேட்டை)

அதுதான். தளம் போலி இல்லை என்று காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் இரண்டும் உண்டு. உங்கள் கணினி 2022-இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்று செல்லும் சான்றிதழ்கள் எல்லாம் இனிமேல்தான் தொடங்கப் போகிறவை. எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பொத்தானை அழுத்தாதீர்கள், பிள்ளைகளையும் அழுத்தப் பழக்காதீர்கள்.

‘டேட் அண்ட் டைம்’ அமைப்பில் ‘நெட்வொர்க் டைம்’ அணைந்திருக்கும், அதைப் போடுங்கள். நெட் இருப்பதால் சற்று நேரத்தில் தானே திருத்திக்கொள்ளும். நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கட்டும். அப்புறம் மதர்போர்டில் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அது செத்துப்போனதால்தான் பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடுகிறது. கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள்.

கேட்டவர்

எல்லாம் திறக்கிறது! பேட்டரியும் மாற்றியாயிற்று. நேற்று பன்னிரண்டாவது பிள்ளைகள் ஆளுக்கொரு பாடமாக வினாத்தாள் இறக்கிக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் மிச்சம். கரண்ட் போய் டெஸ்க்டாப் அணைந்தால், திரும்பப் போடும்போது சில நேரம் நெட் வருவதில்லை. லேப்டாப்பில் ஷேரிங் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் வந்துவிடுகிறது.

பதில் (லாசுப்பேட்டை)

அது விண்டோஸின் இயல்பு. ஷேரிங் வழியாக 4 நிமிடம் எந்தப் போக்குவரத்தும் இல்லை என்றால் அந்தச் சேவை தானே நின்றுவிடும், தானாக எழாது. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தாலும் இதே தொல்லை வரும். ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்’ என்பதைத் திறந்து ‘ஸ்டார்ட்டப் டைப்’பை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். அதோடு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் சேர்ந்திருக்கும் இடம்) ஒரு மதிப்பும் சேர்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் 4055559 என்ற எண்ணைத் தேடினால் அந்த வரி அப்படியே கிடைக்கும். ஓர் எழுத்து பிசகினாலும் பலிக்காது, அதனால் அங்கிருந்தே காப்பி செய்துகொள்ளுங்கள்.

கேட்டவர்

செய்துவிட்டேன், இன்று இரண்டு முறை கரண்ட் போயும் நெட் தானே வந்தது. அடுத்து இன்னொரு பழைய டெஸ்க்டாப் கிடைக்கும் போலிருக்கிறது. லேப்டாப்பில் ஒரே லேன் துளைதான் இருக்கிறதே?

பதில் (அரியாங்குப்பம்)

சின்ன 5 போர்ட் ஸ்விட்ச் (ஐந்து லேன் துளை உள்ள பெட்டி) ஒன்று போதும். லேப்டாப்பையும் இரண்டு டெஸ்க்டாப்பையும் அதில் சொருகுங்கள், முகவரியை லேப்டாப்பே கொடுத்துவிடும். பழைய ரவுட்டரை ஸ்விட்ச்சாகப் போடுவதானால் முதலில் அதன் டிஹெச்சிபியை (முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலையை) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி முகவரி கொடுக்க இரண்டு பேர் ஆகிவிடும். இரண்டாவது கணினியிலும் முதலில் ஐபிவி4 மெத்தட்டையும் தேதியையும் பாருங்கள்.