நடந்தும் இறங்காத எடை: உங்களுக்கும் நடந்ததா?

கோட்டையடி நடையன்
மூன்று மாதமாக விடிய எழும்பி, கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குகிறேன். மான்கள்கூட இப்போது என்னைக் கண்டு ஒதுங்குவதில்லை. போன கிழமை கிளினிக்கில் தராசில் ஏறினால் 84 கிலோ. தொடங்கிய அன்றும் 84தான். மிஸி கொப்பியில் எழுதிக்கொண்டே, "நடந்து முடிய என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்டார். "பெரிசா ஒண்டுமில்லை மிஸி. ஒரு பால் தேத்தண்ணி, ரெண்டு உழுந்து வடை." அவர் சிரிக்கவில்லை. பேனையால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார். அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் கிடக்கிறது.

உப்புவெளி அக்கா
நடை எல்லாம் வீண் தம்பி. சோற்றைப் பாதியாக்கி, கீரையும் சூடை மீனும் கூட்டி, ஓரடி நடக்காமல் 6 கிலோ குறைத்தவள் நான். மகளின் கல்யாணத்துக்கு அந்த அளவுக்கே பிளவுஸ் தைத்தாச்சு. எட்டு மாதம் கழித்து, கல்யாணத்தன்று காலை, கொக்கி எட்டவில்லை. மச்சாள் ஊசி குத்திச் சமாளித்தாள். படங்களில் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கிண்ணியா மருமகன்
எனக்கு நோன்பு மாதத்தில் 3 கிலோ கூடியது! பகலெல்லாம் பட்டினி, நோன்பு திறந்தால் கஞ்சியோடு சமோசா, ரோல்ஸ், சர்பத். பெருநாளுக்கு முதல் நாள் உம்மா தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டா.

திருமலைப் பொடியன்
அக்கா, நடை வீண் என்று எழுதாதீங்கோ. உங்களுக்குத் திரும்பக் கூடினதே நடக்காததால்தான் இருக்கும். எடை இறங்குவது பெரும்பாலும் சாப்பாட்டால். இறங்கினது ஏறாமல் இருக்கத்தான் உடற்பயிற்சி கூடுதலாக உதவும். அண்ணா, 84 கிலோ ஆள் சமதரையில் அரை மணித்தியாலம் நடந்தால் ஏறக்குறைய 150 கலோரிதான் போகும். ஒரு தேக்கரண்டி சீனியே 20 கலோரி. மூன்று கரண்டி சீனி, பால், எண்ணெய் குடித்த இரண்டு வடை... கணக்குப் போட்டுப் பாருங்கோ. பைக்கற் சாப்பாடு இன்னும் மோசம். 2019இல் அமெரிக்காவில் 20 பேரைத் தங்கவைத்துப் பார்த்தார்கள். ஆலைத் தயாரிப்பு உணவை விரும்பிய அளவு சாப்பிட விட்டபோது, பதப்படுத்தாத உணவு கொடுத்த நாட்களைவிட நாளுக்கு 500 கலோரி அளவில் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு கிழமையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. ஆகவே வடைக்குப் பதில் பிஸ்கட் என்றும் போகாதீங்கோ. தராசை விட்டு இடுப்பை அளவுங்கோ. நம் ஆட்களுக்கு ஆண் என்றால் 90, பெண் என்றால் 80 சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டும். கிழமைக்கு 150 நிமிட நடை, இரண்டு நாள் பாரம் தூக்கல்.

என் அனுபவமா? போன வருடம் ஜிம்முக்குக் காசு கட்டினேன். நாலு நாள் போனேன்.

கோட்டையடி நடையன்
தம்பி, நான் அனுபவம் கேட்டேன், நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீங்கள். சரி, அளந்தேன்: 97. முன்பு எவ்வளவோ, ஆனால் பெல்ற் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. இன்று காலை வடைக்கார ஐயா பேப்பரைக் கிழித்தபடி, "ரெண்டுதானே?" என்றார். ஒன்று போதும் என்றேன். கையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, சுகமில்லையோ?"