இன்டர்ஃபேஸ் வாங்கியும் என் குரல் இரண்டாகக் கேட்கிறது: டைரக்ட் மானிட்டரா, கணினி வழியாகக் கேட்பதா?

ஆறுகட்டை:
வணக்கம். திருச்சியில் வீட்டிலேயே பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். வெளியூர் மாணவிகளுக்கு வர்ணங்களைப் பதிவு செய்து அனுப்ப வேண்டியிருக்கிறது. இதுவரை போனில் செய்துவந்தேன். போன மாதம் மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, கண்டென்சர் மைக், காதை முழுக்க மூடும் ஹெட்போன் மூன்றும் வாங்கினேன். விண்டோஸ் லேப்டாப், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் போட்டிருக்கிறேன், மைக் நன்றாகவே வேலை செய்கிறது.

சிக்கல் இதுதான். பாடும்போது ஹெட்போனில் என் குரல் இரண்டாகக் கேட்கிறது. ஒன்று உடனே, இன்னொன்று அதன் பின்னாலேயே. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி ஜாரு பிடிக்கும்போது எந்தக் குரலில் போய் நிற்பது என்றே தெரியவில்லை. பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் (ஒலித் துணுக்கு) சேர்த்துவைத்துக் கையாள்கிறது என்ற அளவை, குறைக்கச் சொன்னார்கள். 64-க்குக் கொண்டுவந்தேன். இரண்டு குரலும் நெருங்கின, ஆனால் பதிவு முழுக்கப் பொரி வெடிப்பதுபோல் டிக் டிக் என்று சத்தம். 512-க்கு ஏற்றினால் சத்தம் போய்விடுகிறது, இரட்டைக் குரல் திரும்ப வருகிறது. கடைக்காரர் வேறு லேப்டாப் வாங்கச் சொல்கிறார். உண்மையிலேயே தேவையா?

கம்பிவடம்:
லேப்டாப் வாங்காதீர்கள் அம்மா. உங்கள் குரல் இரண்டு வழியாகக் காதுக்கு வருகிறது, அவ்வளவுதான். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது போட்டிருந்தால் மைக்கின் ஒலி கணினிக்குப் போகாமல் பெட்டிக்குள்ளேயே திரும்பி ஹெட்போனுக்கு வந்துவிடும். அது முதல் குரல். ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டர் பட்டனும் எரிகிறது. அதே ஒலி கணினிக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் தாமதமாக வருகிறது. அது இரண்டாவது குரல்.

ரீப்பரில் மானிட்டரை அணையுங்கள். டைரக்ட் மானிட்டர் இருக்கட்டும். பஃபரை 512-இல் வையுங்கள், 1024 ஆனாலும் பரவாயில்லை. உங்கள் குரல் கணினி வழியாக வராதபோது பஃபர் எவ்வளவு இருந்தால் என்ன? இடது காதில் மட்டும் குரல் கேட்டால், டைரக்ட் மானிட்டரை ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு மாற்றுங்கள்.

நள்ளிரவுமிக்ஸ்:
இரட்டைக் குரலுக்கு அண்ணா சொன்ன காரணம் சரி. தீர்வை ஒப்புக்கொள்ள மாட்டேன். டைரக்ட் மானிட்டரில் வருவது மொட்டைக் குரல். ரிவர்ப் என்ற எதிரொலிக் கார்வை இல்லை, அறையின் நிழல்கூட இல்லை. அப்படிக் கேட்டுக்கொண்டு பாடுகிறவர்கள் தொண்டையை அழுத்துகிறார்கள், மேல் ஸ்தாயியில் கத்துகிறார்கள். பெரிய ஸ்டூடியோக்களில் பாடகரின் ஹெட்போனுக்குக் கொஞ்சம் ரிவர்ப் சேர்த்துக் கொடுப்பது சும்மா அல்ல, பாட்டே அதனால் மாறும்.

மேடம், அணைக்க வேண்டியது டைரக்ட் மானிட்டரை. ரீப்பர் வழியாகவே கேளுங்கள், பஃபர் 128. விநாடிக்கு 48,000 என்ற சாம்பிள் விகிதத்தில் 128 என்பது 2.7 மில்லி விநாடி. போக வர, மற்ற செலவுகளையும் சேர்த்தால் நல்ல டிரைவரில் 10-க்குள் அடங்கும். மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் அந்த ஒலி காதுக்கு வரவே 6 மில்லி விநாடி ஆகிறது. யாராவது பாடாமல் இறங்கிப் போகிறார்களா?

டிக் டிக் சத்தத்துக்குக் கணினியைச் சரிசெய்ய வேண்டும். இன்டர்ஃபேஸைத் தயாரித்த நிறுவனத்தின் ஏஸியோ டிரைவரை (கருவியை மென்பொருளோடு நேராகப் பேசவைப்பது) போட்டிருக்கிறீர்களா? பவர் பிளானை ஹை பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றுங்கள், யூ.எஸ்.பி. உறங்கப் போகும் வசதியை நிறுத்துங்கள், பதிவு செய்யும்போது வைஃபையை அணையுங்கள். இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

கம்பிவடம்:
தம்பி, மேடைக் கணக்கு கிட்டாருக்குப் பொருந்தும், பாடுகிறவருக்குப் பொருந்தாது. பாடகரின் குரல் எலும்பு வழியாக அந்தக் கணமே காதுக்குள் வந்துவிடுகிறது. காதை ஹெட்போனால் மூடியபின் அது இன்னும் பலமாகக் கேட்கும். அதன் மேல் 7 மில்லி விநாடி பிந்திய அதே குரல் வந்து விழுந்தால், சில அதிர்வெண்களில் இரண்டும் கூடி மேடாகும், சிலவற்றில் ஒன்றையொன்று தின்று பள்ளமாகும்.

கேள்வி கேட்டவரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆறு கட்டைச் சுருதியில் ஷட்ஜம் 220 ஹெர்ட்ஸ். 7 மில்லி விநாடி தாமதத்தில் பள்ளங்கள் விழும் இடங்கள் சுமாராக 71, 214, 357. மேடுகள் 143, 286. அதாவது அவருடைய ஷட்ஜம் ஏறக்குறையப் பள்ளத்தில் விழுகிறது. 275-இல் இருக்கும் அந்தர காந்தாரம் மேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சா மெலிந்து கா தடித்துக் கேட்கும் காதை வைத்துக்கொண்டு எப்படிச் சுருதி சேர்வது? தாமதம் தனியாகத் தெரியாவிட்டாலும் குரலின் நிறம் மாறிவிடுகிறது. இருபது வருடமாக ஒலிபெருக்கி வேலையில் இருக்கிறேன். கச்சேரிப் பாடகர்கள் "என்னமோ குழாய்க்குள் பாடுவதுபோல் இருக்கிறது" என்று சொல்லும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நள்ளிரவுமிக்ஸ்:
இரண்டு ஒலியும் ஒரே அளவில் இருந்தால்தான் பள்ளம் அவ்வளவு ஆழமாகும். ஹெட்போனை ஏற்றினால் ஒன்று மேலோங்கிவிடும். நான் பாடி, கிட்டாரும் வாசிப்பவன். கிட்டாரை, ஆம்ப் ஒலியைக் கணினிக்குள் உண்டாக்கும் பிளக்இன் வழியாகக் கேட்காமல் எப்படி வாசிப்பது? டைரக்ட் மானிட்டரில் வருவது வெறும் கம்பிச் சத்தம்.

கம்பிவடம்:
கிட்டாருக்கு நீங்கள் சொல்வது முழுக்க சரி, வேறு வழி இல்லை. இங்கே கேட்டவர் வர்ணம் பாடுகிறார். ஹெட்போனை ஏற்றச் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. வாரத்தில் நான்கு நாள் அப்படிப் பாடினால் காது என்ன ஆகும்? ஹெட்போனில் வரும் தம்புரா ஒலியும் கசிந்து மைக்குக்குள் போகும்.

மாடிவீடு:
இடையில் ஒன்று. லேப்டாப் சார்ஜர் செருகியிருக்கும்போது அடியில் உம்ம் என்று ஒரு கார்வை வருகிறதா பாருங்கள். வந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பதிவு செய்யுங்கள். அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து வருவது. பஃபரை எவ்வளவு மாற்றினாலும் அது போகாது. அப்புறம் மைக் ஒலியைப் பெருக்கும் கெயினை நன்றாக ஏற்றி, மீட்டர் நிரம்பும்படி எடுங்கள். அப்போதுதான் இரைச்சல் குறையும்.

கம்பிவடம்:
சார்ஜர் யோசனை நல்லது. கெயின் யோசனை பழைய டேப் காலத்துப் பழக்கம். 24 பிட்டில் பதிவு செய்யும்போது கொள்கையளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது, 16 பிட்டில் 96. மைக் இரைச்சலும் அறையின் மின்விசிறியும்தான் உங்கள் அடித்தளம், எண்களின் அடித்தளம் அதற்கும் வெகு கீழே. பாட்டின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வந்தால் போதும். தாரஸ்தாயி பஞ்சமத்துக்கு ஒரே தாவில் போகிறவர் மீட்டரை நிரப்பிவைத்தால் அந்த இடத்தில் பூஜ்யத்தை முட்டும். முட்டியதை மீட்க முடியாது.

தோல்வாத்தியம்:
எதைக் கேட்டுப் பாடுவது என்றே பேசுகிறீர்கள். பதிவு எங்கே போய் உட்கார்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

நண்பர் ஒருவர் பாடி அனுப்பிய டிராக்குக்கு வீட்டில் மிருதங்கம் வாசித்தேன். வாசிக்கும்போது எல்லாம் சேர்ந்தே இருந்தது. திரும்பக் கேட்டால், முடிப்பாக வாசிக்கும் ஒவ்வொரு தீர்மானமும் கொஞ்சம் பின்னால் விழுகிறது. என் கையில் காலப்பிரமாணம் போய்விட்டதோ என்று ஒரு வாரம் வருந்தினேன். பிறகு இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, ஒரு டிக் ஒலியை அனுப்பி, அதையே பதிவு செய்து பார்த்தேன். 700 சாம்பிள் பிந்தியிருந்தது. 48,000-இல் அது 14.6 மில்லி விநாடி. தவறு என் கையில் இல்லை.

கம்பிவடம் சொல்வதுபோல் 1024 வைத்துக்கொண்டு டைரக்ட் மானிட்டரில் வாசித்தவன் நான். ஆகவே பஃபர் எவ்வளவு இருந்தாலும் ஒன்றுமில்லை என்பது சரியல்ல.

கம்பிவடம்:
எந்த டிரைவர் வைத்திருந்தீர்கள்?

தோல்வாத்தியம்:
எல்லாக் கருவிக்கும் பொதுவாகக் கிடைக்கும் ஒன்று. கருவிக்கான டிரைவர் இல்லை.

கம்பிவடம்:
அங்கேதான் விஷயம். ஏஸியோ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த முறை. விண்டோஸின் ஒலிக்கலவையைத் தாண்டி, மென்பொருளும் கருவியும் நேராகப் பேசுவதற்கானது. "என்னிடம் இத்தனை சாம்பிள் தாமதம்" என்று டிரைவர் சொல்லும், அந்த அளவுக்கு மென்பொருள் பதிவை முன்னால் நகர்த்தி வைக்கும். ஏஸியோ4ஆல் போன்றவை விண்டோஸின் சாதாரண டிரைவருக்கு மேல் போட்ட சட்டை. உள்ளே நடக்கும் முழுத் தாமதமும் அவற்றுக்குத் தெரியாமல் போகலாம். தவறான கணக்கைச் சொன்னால் பதிவு தவறான இடத்தில் உட்காரும். கருவிக்கான டிரைவர் கணக்கைச் சரியாகச் சொன்னால் 1024-இலும் தாளம் தன் இடத்தில் நிற்கும்.

தோல்வாத்தியம்:
"சொன்னால்" என்று நீங்களே சொல்கிறீர்கள். சொல்கிறதா என்று அளந்து பார்க்காமல் நான் இனி யாரையும் நம்பப் போவதில்லை. ஆறுகட்டை அவர்களே, பத்து நிமிட வேலைதான். ஃபேன்டத்தை அணையுங்கள். டைரக்ட் மானிட்டரையும் டிராக் மானிட்டரையும் அணையுங்கள், இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். ஸ்பீக்கர் போகும் வெளியீட்டிலிருந்து லைன் உள்ளீட்டுக்குக் கேபிள். ஒரு டிராக்கில் டிக் ஒலியை ஓடவிட்டு இன்னொன்றில் பதிவு செய்யுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே எத்தனை சாம்பிள் என்று தெரியும். ரீப்பரின் ரெக்கார்டிங் அமைப்பில் அந்த எண்ணைக் கொடுக்க ஒரு கட்டம் இருக்கிறது. பஃபரை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

ஆறுகட்டை:
எல்லோருக்கும் நன்றி. கம்பிவடம் சார் சொன்னதுதான், இரண்டுமே போட்டிருந்தது. ரீப்பரில் அணைத்தேன், 512 வைத்தேன். ஒரே குரல், டிக் சத்தமும் இல்லை. அழுகையே வந்துவிட்டது.

ஆனால் நள்ளிரவுமிக்ஸ் சொன்னதும் நடந்தது. பஞ்சு மூட்டைக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கிறது. மோகன வர்ணத்தின் சரணத்தில் என்னையறியாமல் அழுத்தியிருக்கிறேன், கேட்டால் தெரிகிறது. ஒரு காதைத் திறந்துவைத்துப் பார்த்தேன். பாட வந்தது, ஆனால் திறந்த பக்கத்துத் தம்புரா மைக்கில் விழுந்துவிட்டது. தாமதம் இல்லாமல் கொஞ்சம் கார்வை மட்டும் கிடைக்க வழி உண்டா?

நள்ளிரவுமிக்ஸ்:
உண்டு மேடம். அண்ணாவும் இதை மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். டைரக்ட் மானிட்டர் அப்படியே இருக்கட்டும், நேர்க்குரல் அதில் வரட்டும். ரீப்பரில் இன்னொரு டிராக் போடுங்கள். அதே மைக் உள்ளீடு, மானிட்டர் மட்டும், பதிவு வேண்டாம் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ரீவெர்பேட் பிளக்இன். நேர்க்குரலுக்கான டிரை என்ற கோலை முழுக்கக் கீழே இறக்கிவிடுங்கள், எதிரொலிக்கான வெட் மட்டும் கொஞ்சம். இப்போது கணினியிலிருந்து வருவது வெறும் எதிரொலி மட்டுமே. பஃபர் 256-இல் அது 15 மில்லி விநாடி அளவுக்குப் பிந்தி வரும். ரிவர்ப் பிந்தி வந்தால் கெடுதல் இல்லை. குரலுக்கும் ரிவர்புக்கும் நடுவே 20, 30 மில்லி விநாடி இடைவெளியை நாங்களே வேண்டுமென்று வைப்போம்.

ஸ்டைன்பெர்க் யூஆர்22சி போன்ற சில கருவிகளில் ரிவர்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு அது இப்போது தேவையில்லை.

கம்பிவடம்:
மறுக்க மாட்டேன். நல்ல வழி. டிரை முழுக்கக் கீழே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், துளி இருந்தாலும் பழைய இரட்டைக் குரல் வந்துவிடும். சாம்பிள் விகிதத்தையும் பாருங்கள். கருவி, விண்டோஸ், ரீப்பர் மூன்றிலும் 48,000. மென்பொருள் 44,100 என்று நம்பிப் பதிந்ததை கருவி 48,000-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைஸ்வரம் மேலே போகும். ஆறு கட்டைப் பாட்டு ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே தொங்கும். மாணவி அதற்குத் தம்புராவைச் சேர்க்கவே முடியாது.

நள்ளிரவுமிக்ஸ்:
கிட்டாருக்கு நான் 128-ஐ விடப் போவதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். குரலுக்கும் நான் அப்படியே கேட்டுப் பாடுகிறேன், எனக்கு உறுத்தவில்லை.

கம்பிவடம்:
உங்களுக்கு உறுத்தாதது எனக்குப் புரிகிறது. மெல்லிசையில் குரலோடு பத்து வாத்தியம் கேட்கிறது. இங்கே குரலும் தம்புராவும் மட்டும். அந்த வெறுமையில் சின்ன நிற மாற்றமும் பெரிதாகத் தெரியும். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் தம்பி.

ஆறுகட்டை:
நேற்று இரவு எல்லாம் செய்து முடித்தேன். பஃபர் 256, மூன்று இடத்திலும் 48,000. ரிவர்ப் மட்டும் தனி டிராக்கில். சார்ஜரைக் கழற்றியதும் அடியிலிருந்த உம்ம் போய்விட்டது, அதைக் கவனித்ததே இல்லை. தோல்வாத்தியம் சார் சொன்னபடி கேபிள் போட்டு அளந்தேன், நிறுவனத்தின் டிரைவரில் 38 சாம்பிள் பிந்துகிறது. ஒரு மில்லி விநாடிகூட இல்லை, இருந்தாலும் கட்டத்தில் எழுதிவிட்டேன். மோகன வர்ணத்தை முழுதாக ஒரே மூச்சில் பாடிப் பதிந்தேன், சரணத்தில் அழுத்தவில்லை.

தோல்வாத்தியம் சார், அந்தப் பதிவை 24 பிட்டிலேயே உங்களுக்கு அனுப்பலாமா? ஆதி தாளம், இரண்டு களை. முன்னால் எட்டு அட்சரம் தட்டு வைத்திருக்கிறேன்.

தோல்வாத்தியம்:
அனுப்புங்கள் அம்மா. என் பக்கம் புது டிரைவர் போட்டிருக்கிறேன், ஞாயிறு காலையில் முதலில் அளந்துவிட்டு வாசிக்கிறேன்.